உங்கள் புத்தகத்தைத் தேசிய நூலகத்தில் சேர்ப்பது எப்படி? சொந்தமாகப் பதிப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புத்தகம் அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. விழாவுக்கு மண்டபம் பேசியாயிற்று, அழைப்பிதழ் வாட்ஸப்பில் சுற்றுகிறது. இந்த நேரத்தில் உங்களிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று: கொல்கத்தாவுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டீர்களா?

இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய மூன்றுக்கும் தலா ஒன்று. ஆக நான்கு பிரதிகள். இதை நன்கொடை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இது பதிப்பாளரின் கடமை. பெரிய பதிப்பகங்களில் இதைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. சொந்தக் காசில் முந்நூறு பிரதி போடுகிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் சொல்லித்தர ஆளில்லை.

எங்கள் வட்டாரத்து நடவுப் பாட்டுகளையும் ஒப்பாரிகளையும் தொகுத்து ஒரு நூல் போட்டேன். அதற்காக அலையும்போது, இதே பாட்டுகளை முன்பே ஓர் ஆசிரியர் சின்னப் புத்தகமாக அச்சிட்டிருக்கிறார் என்று தெரிந்தது. பாடிக்கொடுத்த அம்மாக்களுக்கு அதன் பச்சை அட்டை நினைவிருக்கிறது. புத்தகம்தான் எங்கும் இல்லை. எந்த நூலகப் பட்டியலிலும் பெயர்கூட இல்லை. என் நூலுக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்றுதான் நான்கு நூலகங்களிலும் சேர்க்க முனைந்தேன். எங்கே போய்க் கேட்டாலும் அரைகுறைத் தகவல்தான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. மூன்று வேறு வேலைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

ஐ.எஸ்.பி.என்., பதிப்புரிமைப் பதிவு, நூல் ஒப்படைப்பு ஆகிய மூன்றும் ஒன்றே என்று நினைப்பவர்கள் அநேகம். "எங்க புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். இருக்கே, கவர்ன்மென்ட்ல பதிவாயிருக்கும்" என்று புத்தகக் காட்சியில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை.

ஐ.எஸ்.பி.என். என்பது விற்பனைக்கும் நூலகப் பட்டியலுக்கும் உதவும் அடையாள எண், அவ்வளவே. அந்த எண் கிடைத்ததால் புத்தகம் எந்த அலமாரிக்கும் போய்விடாது. பதிப்புரிமைப் பதிவு டெல்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் நடப்பது. இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய் கட்டணம். அது கட்டாயமும் இல்லை, எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையதுதான். வழக்கு, தகராறு என்று வந்தால் பதிவுச் சான்று கைகொடுக்கும். நூல் ஒப்படைப்பு இவை இரண்டோடும் சம்பந்தமில்லாத தனி வேலை. இது கட்டாயம், இதற்குக் கட்டணம் கிடையாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பழைய பதிப்பாளர்கள் சிலர், அச்சகமே மாநில அரசுக்குப் பிரதி கொடுத்துவிடும் என்பார்கள். அது 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்த ஏற்பாடு. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 மார்ச் 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. அது பருவ இதழ்களுக்கு மட்டுமானது, புத்தகம் அதன் வரம்பிலேயே இல்லை. எனவே புத்தகத்தைப் பொறுத்தவரை 1954ஆம் ஆண்டுச் சட்டம்தான் உங்கள் பிடிமானம்.

2. அனுப்ப வேண்டியவர் யார் என்று முடிவு செய்யுங்கள்

சட்டம் பொறுப்பைப் பதிப்பாளர் தலையில் வைக்கிறது. எழுத்தாளருக்கும் அச்சகத்துக்கும் அந்தப் பொறுப்பு இல்லை. நூலில் 'வெளியீடு' என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பதிப்பாளர். சொந்த வெளியீடு என்றால் நீங்கள்.

பதிப்பகம் ஒன்றின் வழியாக, பாதிப் பணம் நீங்கள் போட்டு வெளியிடுகிறீர்கள் என்றால் இங்கேதான் ஏமாற்றம். "அதெல்லாம் நாங்க அனுப்பிடுவோம்" என்று எனக்கும் ஓரிடத்தில் சொன்னார்கள், அனுப்பவில்லை. வாய்வார்த்தையாக விடாமல், ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: நான்கு வைப்பு நூலகங்களுக்கும் பிரதி அனுப்பி, ரசீது நகலை ஆசிரியருக்குத் தர வேண்டும். மறுத்தால், நான்கு பிரதிகளை உங்கள் பங்கிலிருந்து எடுத்து, பதிப்பகத்தின் பெயரில் நீங்களே அனுப்பிவிடுங்கள்.

3. அச்சுக்குப் போவதற்கு முன்: ஐ.எஸ்.பி.என்.

ஒப்படைப்புக்கு ஐ.எஸ்.பி.என். கட்டாயமில்லை. ஆனாலும் வாங்கிவிடுங்கள், பிற்பாடு பட்டியலில் தேடும்போது தமிழ்ப் பெயரின் எழுத்துக்கூட்டல் பத்து விதமாக மாறலாம், எண் மாறாது.

இந்தியாவில் இதை வழங்குவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமை. முழுக்க இணையவழி விண்ணப்பம். கட்டணம் எதுவும் கிடையாது. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நூலின் அட்டை அல்லது தலைப்புப் பக்கம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஆதாரில் இருக்கும் பெயரும் விண்ணப்பத்தில் நீங்கள் தட்டும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். புனைபெயரை விண்ணப்பதாரர் பெயராகப் போடாதீர்கள், அதற்கு நூலாசிரியர் பெயர் என்ற தனிக் கட்டம் இருக்கிறது. அச்சுத் தேதிக்கு ஒரு மாதமாவது முன்பே விண்ணப்பியுங்கள். ஜனவரி புத்தகக் காட்சியைக் கணக்கு வைத்து டிசம்பர் கடைசியில் விண்ணப்பித்துவிட்டு நகத்தைக் கடிப்பதில் பயனில்லை.

காசுக்கு எண் விற்பவர்களிடம் போகாதீர்கள். 13 இலக்கத்தில் 978க்குப் பிறகு வரும் 93 இந்தியாவைக் குறிக்கும்; அடுத்த பகுதி பதிப்பாளரைக் குறிக்கும். வேறொருவருக்குக் கொடுத்த எண்ணை நீங்கள் வாங்கிப் போட்டால், உலகத்துப் பட்டியல்களில் உங்கள் நூலின் பதிப்பாளர் அவர்தான். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். தட்டச்சில் ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு உதைக்கும், பார்கோடு படிக்காது. மெய்ப்பு பார்க்கும்போது அந்தப் பதின்மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். சாதா அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி எண். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும்.

4. நூல் விவரப் பக்கம்

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருக்கும் அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் நூலகர் உங்கள் நூலைப் பட்டியலில் ஏற்றுவார். தமிழில் நமக்கு நல்ல வழக்கம் ஒன்று உண்டு: நூல் பெயர், ஆசிரியர், மொழி, முதற்பதிப்பு, உரிமை, தாள், அளவு, எழுத்து, பக்கம், விலை, அட்டைப்படம், ஒளியச்சு, கட்டுமானம், அச்சிட்டோர், வெளியீடு என்று வரிசையாகப் போடுவது. பக்கத்தை அழகாக வைக்கிறேன் என்று வடிவமைப்பாளர் இதைக் கத்தரிக்கப் பார்ப்பார். விடாதீர்கள்.

அதில் நான் பார்த்த கோளாறுகள்:

பெயர். அட்டையில் 'செல்வி', தலைப்புப் பக்கத்தில் 'ஆ. செல்வி', பின்னட்டையில் 'செல்வி ஆறுமுகம்'. பட்டியலில் இவர்கள் மூன்று பேராகிவிடுவார்கள். ஒரே வடிவத்தை எல்லா இடத்திலும் போடுங்கள். புனைபெயர் என்றால் விவரப் பக்கத்தில் மட்டும் இயற்பெயரையும் சேர்க்கலாம். பிறந்த ஆண்டைப் போடுவதில் வெட்கம் வேண்டாம். ஒரே பெயரில் மூன்று கவிஞர்கள் இருக்கும் மொழி இது, ஆண்டுதான் உங்களைப் பிரித்துக்காட்டும்.

ஆண்டு. 'தி.பி. 2056, ஆடி' என்று திருவள்ளுவர் ஆண்டை மட்டும் போட்டால் நமக்குப் புரியும், கொல்கத்தாவில் பொட்டலம் பிரிப்பவருக்குப் புரியாது. 'முதற்பதிப்பு: ஆகஸ்ட் 2025 (தி.பி. 2056)' என்று போடுங்கள். மாதமும் அவசியம், பிரதி அனுப்புவதற்கான முப்பது நாள் கெடு நூல் வெளியான நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆங்கில எழுத்தில் விவரம். நூல் பெயரையும் ஆசிரியர் பெயரையும் ஆங்கில எழுத்தில் ஒரு முறை கொடுங்கள், கூடவே 'தமிழ், நாட்டுப்புறப் பாடல்கள்' என்பதுபோல மொழியும் வகையும். கதையா, கவிதையா, கட்டுரையா என்று தலைப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத நூல்கள் நம்மிடம் நிறைய. தலைப்பில் 'நதி' இருந்தால் அதை நீரியலில் வைத்துவிடும் ஆபத்து வேடிக்கைப் பேச்சு இல்லை.

வெளியீட்டாளர் முகவரி. மின்னஞ்சல் மட்டும் போதாது, அஞ்சல் முகவரி வேண்டும். ரசீது அதற்குத்தான் வரும்.

ஒலிப்பதிவுக்கு கியூஆர் கோடு கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கொடுங்கள். ஆனால் நூலகம் காப்பது காகிதத்தைத்தான், உங்கள் கூகுள் டிரைவை இல்லை. பாட்டின் மெட்டு, பாடியவர், ஊர், பதிவு செய்த நாள் ஆகியவை எழுத்திலும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

5. எந்தப் பிரதியை அனுப்புவது

இதையும் சட்டம் சொல்லியிருக்கிறது. தேசிய நூலகத்துக்குப் போகும் பிரதி, படங்களும் வரைபடங்களும் முழுமையாக உள்ளதாக, நீங்கள் அச்சிட்டதிலேயே மிகச் சிறந்த தாளில், கட்டியோ தைத்தோ இருக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் விற்பனைக்கு அதிகமாக அச்சிட்ட பிரதியைப் போலவே இருந்தால் போதும். அதாவது கெட்டி அட்டையில் ஐம்பது, சாதா அட்டையில் இருநூற்றைம்பது என்று போட்டிருந்தால், கெட்டி அட்டை கொல்கத்தாவுக்கு.

விழாவில் கசங்கியதையும் அச்சகத்தார் கழித்த பிரதியையும் இதற்கென்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். நூறு வருஷம் கழித்து எஞ்சப்போகும் பிரதி இதுவாகவும் இருக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அச்சகத்தில் பேசும்போதே பத்துப் பிரதியை மட்டும் ஃபாரம் ஃபாரமாக (மடித்த தாள் கட்டுகளாக) நூல் தையல் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெறும் பசை போட்ட பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் பசை காய்ந்து இறுகினால் நடுப்பக்கம் கையோடு வரும். பிரதிக்குச் சில ரூபாய் கூடுதலாகும். எல்லாப் பிரதிக்கும் வேண்டாம், பத்துக்கு மட்டும். பி.ஓ.டி. முறையில் (தேவைப்படும்போது மட்டும் அச்சிடுவது) எடுக்கிறீர்கள் என்றால் இது முடியாது, வந்தபடியே அனுப்ப வேண்டியதுதான். மெல்லிய கவிதை நூலுக்கு நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள்; துரு பிடித்துத் தாளைத் தின்னும், தையல் போடச் சொல்லுங்கள். தாளில் நியூஸ்பிரின்ட் பக்கமே போகாதீர்கள், பழுத்துப் பொடியாகும். நல்ல மேப்லித்தோ தாள் போதும்.

பிரதியில் கையெழுத்து, 'அன்புடன்' எதுவும் வேண்டாம். பிழைத்திருத்தப் பட்டியல் இருந்தால் தளர்வாகச் செருகாமல் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். செருகியது பொட்டலம் பிரிக்கும் மேசையிலேயே விழுந்துவிடும்.

6. உடன் வைக்கும் கடிதம்

கடிதத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். கன்னிமாராவுக்கு மட்டும் தமிழில் கொடுக்கலாம். அரைப் பக்கம் போதும்:

பெறுநர்: நூலகர், (நூலகத்தின் பெயர்). பொருள்: 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம், பிரிவு 3இன் கீழ் நூல் அனுப்புதல். கீழே நூல் பெயர், ஆசிரியர், மொழி, பதிப்பு, வெளியான நாள், பக்கம், விலை, ஐ.எஸ்.பி.என். கடைசியில் ஒரு வரி: பிரிவு 4இன்படி ரசீது அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். எழுத்துப்பூர்வமான ரசீது தருவது நூலகத்தின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. நீங்கள் ஒன்றும் சலுகை கேட்கவில்லை. கடிதத்தின் நகலில் அனுப்பிய தேதியும் அஞ்சல் எண்ணும் குறித்துக் கோப்பில் வையுங்கள். தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை ஒன்றையும் உள்ளே வைத்தால் ரசீது வரும் வாய்ப்பு கூடும்.

7. முகவரியும் அஞ்சலும்

தேசிய நூலகம், பெல்வெடேர், அலிப்பூர், கொல்கத்தா 700027. அதே வளாகத்தில் மத்தியக் குறிப்புதவி நூலகம் என்ற இன்னோர் அலுவலகமும் இருக்கிறது. தேசிய நூலகத்துக்கு ஒப்படைப்பாக வந்த நூல்களை வைத்து 'இந்திய தேசிய நூற்பட்டியல்' தயாரிப்பது அதுதான். 1958 முதல் வருகிறது, தமிழ் உட்பட 14 மொழிகள். உங்கள் நூல் அந்தப் பட்டியலில் ஏற வேண்டுமானால் பிரதி தேசிய நூலகத்துக்குத்தான் போக வேண்டும். பெயரை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

கன்னிமாரா பொது நூலகம், பாந்தியன் சாலை, எழும்பூர், சென்னை 600008. அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் வேலைநாளில் காலையிலேயே நேரில் போய்க் கொடுத்துக் கையோடு ரசீது கேட்டு வாங்குங்கள். வெளியூர்க்காரர்கள் சென்னைக்குப் போகிற நண்பரிடம் கொடுத்துவிடலாம். கடிதம் கூடவே போக வேண்டும். வெறும் புத்தகமாகக் கொடுத்தால் நன்கொடைக் கணக்கில் போய்விடும்.

டெல்லி பொது நூலகம், எஸ்.பி. முகர்ஜி மார்க், டெல்லி 110006. பழைய டெல்லி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தலைமையகம். கிளைகள் ஊரெங்கும் உண்டு, கிளைக்கு அனுப்பாதீர்கள்.

மும்பைதான் தலைவலி. ஃபோர்ட் பகுதியில் ஷஹீத் பகத்சிங் சாலையிலுள்ள டவுன் ஹால் கட்டடத்தில் ஆசியவியல் கழகமும் (ஏஷியாட்டிக் சொசைட்டி) மாநில மத்திய நூலகமும் இரண்டுமே இருக்கின்றன. வெறுமனே 'டவுன் ஹால் நூலகம்' என்று எழுதிய பொட்டலம் திரும்பி வரும். 'மாநில மத்திய நூலகம், டவுன் ஹால்' என்று தெளிவாக எழுதுங்கள்.

நான்கு உறைகளிலும் இடப்பக்க மேல்மூலையில், ஆங்கிலத்தில், 'நூல் ஒப்படைப்புச் சட்டம் 1954' என்று பெரிதாக எழுதுங்கள். பொட்டலம் உரிய பிரிவுக்குப் போய்ச்சேர அந்த வரிதான் வழிகாட்டும்.

இனி அஞ்சல் செலவு. பதிவுப் புத்தக அஞ்சல் என்று நாம் காலங்காலமாகப் பயன்படுத்திய மலிவான சேவை 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே 1 முதல் 'கியான் போஸ்ட்' வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், எடை கூடக் கூட 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை, வரி தனி. பொட்டலம் எங்கே போகிறது என்று எண் வைத்துப் பார்க்கலாம். தரைவழியில் போவதால் மெதுவாகத்தான் சேரும். கொல்கத்தாவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கு இது பொருந்தும். நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும், விளம்பரப் பக்கங்கள் இருக்கக் கூடாது. நகைக்கடை விளம்பரம் வாங்கிப் போட்ட ஆண்டு மலர்களுக்கு இது உதவாது.

கவுன்டரில் ஒரு சிக்கல் வரலாம். புத்தகத்தோடு கடிதம் இருப்பதைப் பார்த்து, இந்தச் சேவையில் முடியாது என்பார்கள். வாதாட வேண்டாம், அந்தப் பொட்டலத்தை ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடுங்கள். சிறிய ஊர் அஞ்சலகத்தில் கியான் போஸ்ட் என்றால் ஒரு நிமிடம் விழிப்பதும் உண்டு. தலைமை அஞ்சலகத்துக்குப் போவது நல்லது.

நனையாமல் இருக்க முதலில் பாலித்தீன் உறை, மேலே முன்பக்கமும் பின்பக்கமும் அட்டைத் துண்டு, பிறகு பழுப்புத் தாள். மூலை நசுங்காமல் போனால் போதும். நான்கு பொட்டலத்துக்கும் சேர்த்து அஞ்சல், காகிதம், டேப் எல்லாமாக, விழாவில் போர்த்தும் பொன்னாடை ஒன்றிரண்டின் விலைக்குள் முடிந்துவிடும். ஆறு பேருக்குப் போர்த்துகிறோம், ஒன்றைக் குறைத்தால் ஆயிற்று.

நான்கு இடத்துக்கும் எதற்கு, கன்னிமாரா ஒன்று போதாதா என்று கேட்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவை ஒரேயடியாகப் போயின. தீ, வெள்ளம், கரையான் மூன்றும் ஒரே நாளில் நான்கு ஊருக்குப் போகாது.

8. கெடுவும் அபராதமும்

நூல் வெளியான நாளிலிருந்து 30 நாள். தவறினால் 50 ரூபாய் வரை அபராதம், கூடவே நூலின் விலை. 1954ஆம் ஆண்டின் தொகை அப்படியே நிற்கிறது. இந்த அபராதத்துக்குப் பயந்து அனுப்புபவர் யாரும் இல்லை என்பது உண்மை. கெடு தாண்டியிருந்தாலும் அனுப்புங்கள். நான் ஒரு நண்பரின் மூன்று வருஷம் பழைய நூலை அனுப்பிவைத்தேன், ரசீது வந்தது.

விழாவுக்கு முன்பே அனுப்புவது உத்தமம். விழா முடிந்தால் அந்த வாரம் ஓய்வு, அடுத்த வாரம் புத்தகக் கணக்கு, அப்புறம் மறதி.

9. ரசீதும் பட்டியலும்

அஞ்சல் கண்காணிப்பில் சேர்ந்துவிட்டதாகக் காட்டுவதும் ரசீதும் ஒன்றல்ல. இரண்டு மாதம் பொறுங்கள். பிறகு நூலகத்தின் இணையதளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு, அஞ்சல் எண்ணும் தேதியும் குறிப்பிட்டுப் பணிவாக எழுதுங்கள். பதில் இல்லையே என்று இரண்டாவது பிரதி அனுப்பாதீர்கள். இருப்பது போதாதென்று இன்னொன்றும் பிரிக்காத மூட்டையில் சேரும்.

ரசீதை ஸ்கேன் செய்து வையுங்கள். பின்னால் நூலக ஆணைக்கு விண்ணப்பிக்கும்போதும், பரிசுப் போட்டிகளுக்கு அனுப்பும்போதும் வெளியான தேதிக்குச் சான்றாகப் பயன்படும். ஆனால் நூலக ஆணை என்பது தமிழக அரசின் பொது நூலக இயக்ககம் கிளை நூலகங்களுக்கு நூல் வாங்குவது. அதற்கு வேறு விண்ணப்பம், வேறு விதி. கன்னிமாராவில் கொடுத்தாயிற்று, ஆர்டர் வரும் என்று காத்திருக்காதீர்கள். கிளை நூலகப் பிரதிகள் வாசகர் கைபட்டுத் தேய்ந்து ஒருநாள் கழிவில் போய்விடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அவை படிப்பதற்கு வாங்கியவை. வைப்புப் பிரதி இருப்பதற்காக இருப்பது.

தேசிய நூலகத்தின் இணையப் பட்டியலில் உங்கள் நூல் உடனே தெரியாது. வந்து குவியும் நூல்களில் ஒவ்வொன்றாக ஏற்றுகிறார்கள், காலம் பிடிக்கும். தேடும்போது ஐ.எஸ்.பி.என். போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் பாருங்கள்: ழகரத்துக்கு ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் போடுவார்கள். பட்டியலில் விவரம் தவறாக இருந்தால், தலைப்புப் பக்கத்தின் ஸ்கேனை இணைத்துத் திருத்தம் கேட்டு எழுதலாம்.

10. மறுபதிப்பு, சிற்றிதழ், மின்னூல்

மாற்றமில்லாத மறுபதிப்பை அனுப்ப வேண்டாம், முதற்பதிப்பு ஏற்கெனவே போயிருந்தால். ஒரு முன்னுரை கூடியிருந்தாலும், இரண்டு கவிதை சேர்ந்திருந்தாலும் அது புதிய பதிப்பு, நான்கு இடத்துக்கும் அனுப்புங்கள். பல தொகுதி நூல் என்றால் ஒவ்வொரு தொகுதியும் தனி.

செய்தி தாங்கி வரும் இதழ்களுக்கு ஒவ்வொரு இதழும் வந்தவுடனே நான்கு நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று 1956இல் சட்டத்தில் சேர்த்தார்கள். சிற்றிதழ்க்காரர்கள் சந்தாதாரர் பட்டியலில் இந்த நான்கு முகவரிகளையும் நிரந்தரமாக ஏற்றிவிட்டால் தனியாக நினைவு வைக்க வேண்டாம். விட்டுவிட்டு அனுப்பினால் நடுவில் எண் தவறிய தொகுப்புதான் மிஞ்சும்.

மின்னூலாக மட்டும் வந்தவற்றுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. இணைய ஆவணகத்தில் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) ஏற்றுங்கள். முடிந்தால் பத்துப் பிரதியாவது அச்சிட்டு நான்கை அனுப்புங்கள்.

11. வீட்டிலிருக்கும் பழைய நூல்கள்

தாத்தா அச்சிட்ட சிந்து, கும்மி, தலபுராண வசனம் என்று பரணில் ஏதாவது இருந்தால் அது வேறு வழி. முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்திலும் சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும் அதே பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் தலைப்புப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து அவர்களுக்கு எழுதுங்கள். அட்டை கிழிந்தது, பக்கம் குறைந்தது என்று தயங்க வேண்டாம்.

அதற்குள் நல்லது செய்கிறேன் என்று செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், பூச்சி மருந்து அடிக்காதீர்கள், ஸ்கேன் வசதிக்காக முதுகை வெட்டவும் வெட்டாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கை வாக்கில் வைத்தால் போதும்.

உரிமைக் கேள்வி வரும். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை வாரிசுகளுக்கு உண்டு. 1960இல் இறந்தவர் என்றால் 2020 முடிய. 2021 ஜனவரி முதல் யாரும் வெளியிடலாம். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவர்களின் எழுத்துக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. உரிமை இன்னும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், மின்னாக்கத்துக்குச் சம்மதம் என்று வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தைப் புத்தகத்தோடு கொடுங்கள். மூலப் பிரதியைக் கொடையாகத் தருகிறீர்களா, ஸ்கேன் செய்தபின் திரும்ப வேண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.